பதினைந்தாம் லூயியின் வளைகால்கள்

நாற்காலியின் காலை வளைத்துச் செய்வது அழகுக்காக என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள் நம்புகிறார்கள், மரக்கடைக்காரர்கள் நம்புகிறார்கள், கலை வரலாறு எழுதுகிறவர்கள் படம் போட்டு நம்புகிறார்கள். இத்தனை பெரிய பிழை இத்தனை காலமாகத் திருத்தப்படாமல் கிடப்பது மனித குலத்துக்கே தலைகுனிவு என்பதால், வேறு எதையும் சொல்வதற்கு முன் அதைத் திருத்திவிடுவது கடமையாகிறது. நின்ற இடத்திலேயே நிற்கப்போகிற கால் வளைவதில்லை. தூண் வளைவதில்லை, நடுகல் வளைவதில்லை, மாமனாருக்கு முன் நிற்கிற மருமகளின் கால் வளைவதில்லை. எழுந்து எங்கேயோ போகப்போகிற கால்தான் முதலில் முழங்காலில் மடியும். பிரெஞ்சு தேசத்தில் பதினைந்தாம் லூயி ராஜாவின் காலத்து நாற்காலிகளுக்கெல்லாம் ஆட்டுக்குட்டியின் பின்னங்கால் மாதிரி வளைந்த கால்கள். அவருக்குப் பின் வந்த பதினாறாம் லூயியின் நாற்காலிகளுக்கு நேர்க்கால்கள். அந்த ராஜா ஒருநாள் குடும்பத்தோடு வேஷம் மாற்றிக்கொண்டு ஓடிப்போகப் பார்த்தார். வழியில் ஒரு சிற்றூரின் மக்கள் அடையாளம் கண்டுகொண்டு, தங்கவைத்து, காவலோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நேர்க்கால்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு ஊரில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை வடக்கே அனுப்பிப் பணக்காரரான அர்த்தநாரி, புது வீட்டு ஹாலுக்கு சோபா செட் வாங்கக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போனபோது, விற்பனைக்காரப் பையன் தங்கப் பூச்சு மின்னுகிற ஒரு செட்டின் முன் அவரை நிறுத்தி, "இது பதினைந்தாம் லூயி ஸ்டைலுங்க சார்" என்றான்.

"பதினஞ்சா? அதுக்கப்பறம் ஒண்ணும் வல்லீங்களா?"

"பதினாறும் இருக்குதுங்க. அதுல காலு நேரா இருக்கும், இந்தச் சிப்பி வேலையெல்லாம் வராது."

சிப்பி என்றதும் அர்த்தநாரி குனிந்து பார்த்தார். முதுகுச் சட்டத்தின் உச்சியில் ஒரு சிப்பி, கால் புறப்படும் இடத்தில் ஒரு சிப்பி, ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாமல், ஒரு பக்கம் சாய்ந்து, இலையும் கொடியும் அலையுமாகச் சுருண்டு போகிற செதுக்கு வேலை. ரொகோகோ என்று அறிஞர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அர்த்தநாரிக்கு அது வேண்டியிருக்கவில்லை. பூமிக்குள் ஆயிரம் அடி இறங்கித் தண்ணீர் தேடுகிற தொழில்காரருக்குச் சிப்பி என்றால் ஒரே அர்த்தம்தான்.

"சிப்பி இருக்கற எடத்துல தண்ணி இருக்குமப்பா. பதினஞ்சே போடு" என்றார்.

அப்படி வந்து சேர்ந்தன: மூன்று பேர் உட்காரும் நீள சோபா ஒன்று, சிங்கம் போன்ற கைப்பிடி நாற்காலிகள் இரண்டு, சுவரோடு ஆணியடித்து நிற்கும் இரட்டைக்கால் மேசை ஒன்று, அதன் மேல் ஒரு கண்ணாடி, இவற்றோடு கைப்பிடிகளைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்த சின்ன நாற்காலி ஒன்று. இந்தச் சின்ன நாற்காலி, குடை போல விரிந்த பாவாடை கட்டிய சீமாட்டிகள் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழ வேண்டும் என்பதற்காகவே அந்தக் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வீட்டில் அதில் எந்தப் பெண்ணும் உட்காரவில்லை. சரியாகச் சொன்னால் எதிலும் யாரும் நேராக உட்காரவில்லை, ஏனென்றால் கடையில் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை, பட்டுத்துணி அழுக்காகிவிடும் என்று, கடைசிவரை கழற்றவே இல்லை. வந்தவர்கள் பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்து, வியர்த்து, எழும்போது கறக்கென்ற சத்தத்தோடு பிரிந்து, "நல்லா இருக்குதுங்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பிளாஸ்டிக்கைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறவள் கோகிலவாணி. அந்த வீட்டு மருமகள். பதினொரு வருடமாக நிற்கிறாள். மாமனார் ஹாலில் இருக்கும்போது மருமகள் உட்காரக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அர்த்தநாரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருமுறை இருமுவார், அந்த இருமல் கேட்டால் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் அரிகிறவள்கூட எழுந்துவிடுவாள், அவ்வளவுதான். முதல் வருடம் அவளே எழுந்தாள். பிறகு எழுவதற்கு அவள் தேவைப்படவில்லை. இருமல் காதில் விழுந்து, எழ வேண்டும் என்று அவள் நினைப்பதற்குள் முழங்கால் நிமிர்ந்து முடித்திருக்கும்.

கணவன் பரணிதரன் ரிக் வண்டியோடு ராய்ப்பூரில் இருந்தான். அங்கே அவனுக்கு இன்னொரு வீடும் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளும் இருப்பது ஊருக்கே தெரியும், அதனால் யாரும் பேசுவதில்லை. பொங்கலுக்கு வருவான், அம்மா சுட்ட அதிரசத்தைத் தின்பான், லூயி செட்டில் படுத்து டி.வி. பார்ப்பான், போய்விடுவான். கோகிலவாணிக்குப் பிள்ளையில்லை. அப்பா அம்மா இல்லை. இருந்த ஒரு அண்ணனும், அவள் முதல்முறை வீட்டை விட்டுக் கிளம்பிப் போனபோது, மதியச் சோறு போட்டு அவனே காரில் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

இரண்டாம்முறை அவளைத் திருப்பியது டவுன் பஸ் கண்டக்டர் மாதேஸ். "எங்க கண்ணு, தனியா?" என்று கேட்டார். பிறகு விசில் ஊதாமல் பஸ்ஸை நிறுத்திவைத்துக்கொண்டு, பயணிகள் எல்லோரும் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் புத்தி சொல்லும்வரை காத்திருந்தார். மூன்றாம்முறை பூக்காரி ரங்கநாயகி. "எங்க அம்மிணி போற, இந்த வெயில்ல?" என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழம் முல்லையைத் தலையில் வைத்து, வீட்டு வாசல்வரை பேசிக்கொண்டே கூட்டிவந்து விட்டாள். அந்த ஊரில் யாரும் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை, கதவைப் பூட்டியதில்லை. எங்கே என்று கேட்டார்கள், அவ்வளவுதான். கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். கேட்டால் காரியம் கெடும் என்று தெரிந்துதான் கேட்டார்கள்.

சித்திரையில் ஜெசிந்தா போன் செய்தாள். கல்லூரியில் கூடப் படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் வேலை பார்த்தாள்.

"இங்க வார்டன் வேலை காலியா இருக்குடி. தனி ரூம் தருவாங்க. ஸ்கூல் தொறக்கற அன்னிக்குள்ள வந்து சேரணும். வராட்டி வேற ஆளப் போட்டுருவாங்க. இந்தத் தடவையாவது வந்துருவியா?"

"வந்தர்றேன்" என்றாள் கோகிலவாணி. சான்றிதழ்களை அரிசி டிரம்மின் அடியில் போட்டு வைத்திருந்தாள்.

நாற்காலிகள் நகர ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

முதலில் நீள சோபா வாசல் பக்கம் ஒரு சாண் தள்ளி நின்றது. மாமியார் பாவாயி அதைப் பார்த்துவிட்டு, "தொடைக்கறப்ப நகத்தறியே, திருப்பி நேரா வெக்கோணும்னு தெரியாதா? வாஸ்து என்னத்துக்காகும்?" என்றாள். கோகிலவாணி நேராக வைத்தாள். மறுநாள் இரண்டு சாண். அதையும் நேராக வைத்தாள். அடுத்த நாள் சின்ன நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும்போது அதன் காலில் ஒரு நடுக்கம் ஓடுவதைக் கை உணர்ந்தது. கட்டுத்தறியை விட்டு அவிழ்க்கும்போது கன்றுக்குட்டியின் காலில் ஓடுகிற நடுக்கம். அவள் கையை எடுத்துவிட்டாள். அதன் பிறகு எதையும் நேராக வைக்கவில்லை.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, காலை டிபன் ஆனதும், லூயி செட்டு கிளம்பியது.

நீள சோபா முன்னால், சிங்கங்கள் இரண்டும் அதன் பின்னால், சின்ன நாற்காலி கடைசியாக. மாடு மேய்ந்துகொண்டே போகிற வேகத்தில், அவசரமில்லாமல், பிளாஸ்டிக் கறக் கறக்கென்று முனக, ஹாலைக் கடந்து நிலைப்படியில் முன்னங்காலைத் தூக்கி வைத்து, இறங்கி, கிரானைட் வாசலில் போட்ட கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, கேட்டை அடைந்தன. சுவரோடு ஆணியடித்த இரட்டைக்கால் மேசையும் ஒருமுறை திமிறிப் பார்த்தது. கொஞ்சம் காரை உதிர்ந்தது. அதற்குப் பிறகு அது அசையவில்லை. கோகிலவாணி காரையைக் கூட்டி அள்ளினாள்.

அர்த்தநாரி கேட்டருகே நின்று மீசையைத் தடவினார். வாட்ச்மேன், "ஏனுங்க, புடிச்சுக் கட்டிப் போட்டறலாமுங்களா?" என்றான்.

"வேண்டாமப்பா. போகோணும்னு முடிவு பண்ணினதைக் கட்டிப்போட்டா அது குடும்பத்துக்கு ஆகாது. ராஜா காலத்துச் சாமான். மருவாதையா அனுப்பி வெப்போம்." சொல்லிவிட்டு, ஊர் எல்லைக் கருப்பனார் கோயிலில் நின்று வழியனுப்பலாம் என்று காரை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். போகும் வழியெல்லாம் போனில் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

பாவாயி மருமகளைப் பார்த்தாள். "நீ என்ன பாத்துட்டு நிக்கற? எல்லை வரைக்கும் கூடப் போ. வூட்டை விட்டுப் போறவிய கூட வூட்டாளு ஒருத்தர் போவோணுமில்ல? பிளாஸ்டிக்கு எங்கயாச்சும் கிழிஞ்சரப் போவுது."

கோகிலவாணி அடுப்படிக்குப் போய் ஈரத்துணி எடுத்தாள். அரிசி டிரம்மில் கைவிட்டுச் சான்றிதழ்களை எடுத்தாள். சான்றிதழ்களை ஒரு துணிப்பையில், மாற்றுப் புடவை ஒன்றின் அடியில் வைத்து, ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்படி ஒரு காரியம் நடந்தால் ஊர் திகைத்து நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஊரை அறியாதவர்கள். ஊர் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் பழகிக்கொண்டது. பேக்கரி முக்கில் சைக்கிள்கள் ஒதுங்கின. டயர்க்கடைக்காரர் சிங்கத்தின் முழங்காலில் நல்லெண்ணெய் தடவிவிட்டு, "தூரமாப் போறதுன்னா இது தேவப்படும்" என்றார். தையல்கார மணியன் மெஷினை விட்டு எழுந்து வந்து, சோபா நின்று நின்று போகிற இடைவெளியில், உறையின் ஓரத்தில் விட்டுப்போன தையலை ஊசியால் இரண்டு இழுப்பு இழுத்துக்கொடுத்தார். பெண்கள் ஆரத்தி கரைத்துக் கொண்டுவந்து ஊற்றினார்கள். ரோட்டில் யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். சோபாவுக்கு ஜாதகம் உண்டா என்று ஒரு கிழவர் கேட்டு அடி வாங்காமல் தப்பினார். தத்தம் வீட்டுக்கு ஓடிப்போய்த் தத்தம் கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, எங்கே என்று கேட்கவில்லை. ஒரு பொடியன் வாயெடுத்தான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். "கெளம்பறவங்களப் பாத்து அப்பிடிக் கேப்பாங்களா, மொட்டை?" என்று தலையில் தட்டினாள்.

கோகிலவாணி அதைக் கேட்டாள். சின்ன நாற்காலிக்குப் பின்னால், கையில் ஈரத்துணியோடு, ஆரத்தித் தண்ணீர் தெறித்த பிளாஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டே நடந்தவள், சந்தைப்பேட்டை தாண்டும்போது அதைப் பற்றி யோசித்தாள். யோசித்து முடித்ததும், பையை மடியில் வைத்துக்கொண்டு, நடந்துகொண்டிருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிளாஸ்டிக் வெயிலில் கொதித்தது. பின்னுக்குத் தள்ளி வைத்த கைப்பிடிகள் அவள் முழங்கைகளை எங்கேயும் இடிக்கவில்லை. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் எவனோ ஒரு தச்சன் எந்தச் சீமாட்டிக்காகவோ போட்ட கணக்கு அவளுக்குச் சரியாக இருந்தது. அவள் பாரம் ஏறியதும் நாற்காலி ஒருமுறை தயங்கி, கால்களைச் சரிசெய்துகொண்டு, பழையபடி நடந்தது. நடக்கும்போது காலில் இருந்த நடுக்கம் நின்றிருந்தது.

ஊர் பார்த்தது. பார்த்துவிட்டு வழிவிட்டது. கிளம்பியிருப்பது நாற்காலி, நாற்காலியைக் கேட்கக் கூடாது, நாற்காலியில் இருப்பதை எப்படிக் கேட்பது? ரங்கநாயகி, "நல்லபடியாப் போயிட்டு வாங்கொ" என்று நாற்காலியின் சிப்பிக்கு ஒரு முழம் முல்லை சுற்றிவிட்டாள். எதிரே வந்த டவுன் பஸ்ஸில் மாதேஸ் விசிலடித்து வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். படிக்கட்டில் நின்றபடி நீள சோபாவுக்கு ஒரு கும்பிடு, சிங்கங்களுக்கு ஒரு கும்பிடு, கடைசியாக வந்ததற்கும் ஒரு கும்பிடு போட்டார். போட்ட கும்பிடு அவள் மேலும் விழுந்தது. அவர் கண் அவள் முகத்தில் ஒரு கணம் தங்கியது, உதடு 'எ' என்று குவிந்தது, ஆனால் சகுனம் கெடுத்த பழி தனக்கு வேண்டாம் என்று உதட்டை மூடிக்கொண்டார்.

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வந்ததால் அதை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள். பவானி, பெருந்துறை, அவிநாசி என்று வழியிலிருக்கும் ஊர்களை மனசுக்குள் எண்ணினாள். இந்த வேகத்தில் போனாலும் பள்ளி திறக்கிற அன்றைக்குப் போய்விடலாம். விடுதி அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்தாள். கேட்டிருக்கலாம்.

எல்லைக் கருப்பனார் கோயில் வந்தது. வேப்பமரத்தடியில் பெரிய மனிதர்கள் கூடி நின்றார்கள். அர்த்தநாரி ரோட்டுக்கு முதுகைக் காட்டி, பூசாரியிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நீள சோபா அவரைக் கடந்தது. மேளக்காரர் இரண்டு அடி அடித்தார். சிங்கங்கள் கடந்தன. சின்ன நாற்காலி கோயிலுக்கு நேராக வந்தது. எல்லைக்கல் ஒரு வண்டி நீளத் தூரத்தில் இருந்தது. அர்த்தநாரி திரும்பவில்லை. அவர் திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. திரும்பியிருந்தாலும் முல்லை சுற்றிய நாற்காலியைத்தான் முதலில் பார்த்திருப்பார், அதற்குள் அது கல்லைக் கடந்திருக்கும்.

அப்போது ஒரு மணல் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. புழுதி தொண்டையில் பட்டு, அர்த்தநாரி இருமினார்.

கோகிலவாணி எழுந்து நின்றிருந்தாள்.

எப்போது எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பை கையில் இருந்தது, கால் தார் ரோட்டில் இருந்தது, முழங்கால் தூண் மாதிரி நேராக இருந்தது. நாற்காலி நிற்கவில்லை. அவள் எழுந்த இடத்தில் பிளாஸ்டிக் மெல்ல நிமிர்ந்து கறக்கென்றது. அது ஒரு எட்டு வைத்தது, இன்னொரு எட்டு வைத்தது, எல்லைக்கல்லைக் கடந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். மாடு மேய்கிற வேகம்தான். அவள் காலைப் பார்த்தாள். அந்தக் கால்கள் மடியவில்லை.

அர்த்தநாரி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். மருமகள் நடுரோட்டில் நிற்பதைக் கண்டார்.

"ஏம்மா, எங்க போற?"

மேளம் நின்றிருந்தது. எல்லோருக்கும் கேட்டது. ஓரம்கட்டிய பஸ்ஸின் படிக்கட்டில் இன்னும் நின்றிருந்த மாதேஸுக்குக் கேட்டது, பின்னால் வந்த ரங்கநாயகிக்குக் கேட்டது.

"எங்கயும் இல்லீங் மாமா. பிளாஸ்டிக்கு கிழியாமப் பாக்கச் சொன்னாங்க அத்தை."

"கிழியலையில்ல?"

"இல்லீங் மாமா."

"அப்ப வூட்டுக்குப் போ கண்ணு. வெயிலு. மாதேசு, புள்ளைய பஸ்ல ஏத்திக் கொண்டுபோயி வுட்டுரப்பா."

"வாங்கொ கண்ணு" என்று மாதேஸ் பஸ்ஸின் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இடம் இருந்தது. இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். நிறுத்தத்தில் இறங்கும்போது அவர் டிக்கெட் கேட்கவில்லை. வீட்டில் நுழைந்ததும் ஹால் பெரிதாக இருந்தது. தரையில் சோபா இருந்த இடம் வெளுத்து, அதன் அளவில் ஒரு நீளச் சதுரமாகக் கிடந்தது. சுவரோடு நின்ற மேசையின் மேல் ஈரத்துணியை வைத்துவிட்டு, அரிசி டிரம்மைத் திறந்து, சான்றிதழ்களை அதன் அடியில் வைத்தாள். மேலே அரிசியைச் சரித்துச் சமமாக்கினாள்.

"கிழியாமப் போச்சா?" என்று உள்ளேயிருந்து பாவாயி கேட்டாள்.

"போச்சுங் அத்தை."

நீள சோபாவைப் பவானிப் பாலத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். சிங்கங்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அர்த்தநாரி ஹாலுக்கு நேர்க்கால் வைத்த செட் ஒன்று வாங்கினார், இந்த முறை கடைக்காரரிடம் எதுவும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மதியம் ஜெசிந்தா போன் செய்தாள். விடுதி வார்டன் அறைக்கு ஒரு நாற்காலி தானாக வந்து சேர்ந்ததாகவும், சிப்பியில் காய்ந்த முல்லை சுற்றியிருந்ததாகவும், அறையில் நாற்காலி இல்லாமல் இருந்ததால் அதையே போட்டுக்கொண்டதாகவும் சொன்னாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த அம்மாள் முதல் வேலையாக அதன் பிளாஸ்டிக்கைக் கிழித்து எறிந்தாராம்.